மனை முதலீட்டில் அனுபவசாலிகள் புதியவர்களுக்கு வழிகாட்டுவது ஏன்?

நிலம், வீட்டுமனை, கட்டடம் ஆகியவற்றை வாங்கி விற்பதில் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள், புதிதாக வருபவர்களுக்கு அதன் நுணுக்கங்களைச் சொல்லித் தருவதே மனை முதலீட்டு வழிகாட்டல் ஆகும். சிலர் கட்டணம் வாங்கிக்கொண்டு வகுப்பு நடத்துகின்றனர். சிலர் கூடவே அழைத்துச் சென்று பழக்குகின்றனர். நாளை போட்டியாக வரக்கூடியவருக்குத் தொழிலை ஏன் கற்றுத்தர வேண்டும்?

கற்க வேண்டியவை

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் உள்ளது திருவாதவூர். இத்தகைய ஊர்களில் நஞ்சை, புஞ்சை, கண்மாய், வாய்க்கால் புறம்போக்கு, கோயில் நிலம் எல்லாம் அடுத்தடுத்து இருக்கும். மனைக்கல் ஊன்றிய இடத்தைக் கண்ணால் பார்த்து அதன் வகையை அறிய முடியாது. மூலப்பத்திரம், பட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வரும். பதிவாகாத உயிலோ குடும்பப் பாகப்பிரிவினையோ வராது.

சட்ட மாற்றமும் ஒரு பாடமே. அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அத்தகைய மனை வைத்திருந்தோர் விற்க முடியாமல் தவித்தனர். 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. அக்காலத்தைக் கண்டவர், விலை மலிவு என்பதற்காக மட்டும் மனை வாங்கச் சொல்லமாட்டார்.

வழிகாட்டுவதன் காரணங்கள்

1. கூட்டு முதலீடு: பெரிய நிலத்தை ஒருவரே வாங்குவது கடினம். பழகிய மாணவர் பின்னாளில் பங்காளியாகலாம்.
2. தகவல்: எந்த ஊரில் நிலம் விலைக்கு வருகிறது என்று மாணவர்கள் மூலம் தெரியவரும்.
3. வருமானம்: பயிற்சிக் கட்டணம், தரகு, தம் மனைகளுக்கு வாங்குநர்.
4. நற்பெயர்: இத்தொழில் நம்பிக்கையில் நடப்பது.
5. மனநிறைவு: தாம் பட்ட நட்டத்தைப் பிறர் படக்கூடாது என்ற எண்ணம்.

இவற்றில் மூன்றாவது தவறன்று; ஆனால் மறைக்கப்பட்டால் ஆபத்து. சொல்லித் தருபவரே விற்பவராகவும் இருந்தால், குறைகளைச் சொல்லும் கடமையும் விற்கும் ஆசையும் மோதும்.

சட்டம் சொல்வது

மனை வணிக (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு) சட்டம், 2016 முகவர்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்குகிறது. தரகு பெற்றுக்கொண்டு வாங்குபவரையும் விற்பவரையும் அறிமுகப்படுத்துபவரும் முகவரே. ஆகவே, ‘ஆலோசகர்’ என்று பெயர் வைத்துக்கொண்டாலும், பதிவுக்குரிய திட்டத்தின் மனைகளைத் தரகுக்கு விற்றுத் தருபவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவின்றிச் செயல்படும் முகவருக்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம் உண்டு. பதிவு விவரத்தைத் தமிழ்நாடு ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் பார்க்கலாம்.

கற்பவர் கேட்க வேண்டியவை

- இந்த மனையை நான் வாங்கினால் உங்களுக்கு என்ன கிடைக்கும்?
- ஆவணங்களை என் வழக்கறிஞரிடம் காட்டலாமா?
- முன்பணம் தருமுன் சில நாள் அவகாசம் கிடைக்குமா?

நல்ல வழிகாட்டி இக்கேள்விகளுக்குச் சினம் கொள்ளாமல் விடை தருவார். அவசரப்படுத்துபவரிடம் கற்பதைவிடக் கல்லாமல் இருப்பதே மேல். பத்திரத்தைத் தானே படித்துப் புரிந்துகொள்ளும் நிலைக்கு மாணவரைக் கொண்டுவருவதே உண்மையான வழிகாட்டல்.