‘பணியால் வந்த பாதிப்பு அல்ல’ என்று கடிதம் வந்துவிட்டதா? ராணுவ ஊன ஓய்வூதிய மேல்முறையீடு: கடலூர் மாவட்ட முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிதம்பரம் பக்கத்துல ஒரு கிராமம்னு வச்சுக்குவோம். பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறீர்கள். முழங்காலில் அடிபட்டது பணியில்தான். ஆனா ஆவணக் காப்பு அலுவலகத்திலிருந்து (ரெக்கார்டு ஆபீஸ்) வந்த கடிதத்தில், ‘நெய்தர் அட்ரிப்யூட்டபிள் நார் அக்ரவேட்டட்’ என்று ஒரு வரி. அதாவது, இந்தப் பாதிப்பு பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை. எனவே ஊன ஓய்வூதியம் கிடையாது.

பலர் இந்தக் கடிதத்தை மடித்து பீரோவில் வைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீங்க. அது முடிவு அல்ல. மேல்முறையீட்டுக்கான கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

யாருக்குக் கிடைக்கும்?

பொதுவாக இரண்டு கேள்விகள்தான். பாதிப்பு பணியால் ஏற்பட்டதா அல்லது பணியால் அதிகமானதா? அது 20 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருக்கிறதா? பணியிலிருந்து விடுவிக்கும்போது கூடும் மருத்துவக் குழு இந்த இரண்டுக்கும் பதில் எழுதுகிறது.

தொகை எப்படி வருது? கடைசியாக வாங்கிய கணக்கிடத்தக்க ஊதியத்தில் 30 சதவீதம் என்பது 100 சதவீத ஊனத்துக்கான தொகை. ஊதியம் 40,000 ரூபாய் என்றால் அது 12,000 ரூபாய். ஊனம் 50 சதவீதம் என்றால் 6,000 ரூபாய். இது சேவைக்கான ஓய்வூதியத்துக்கு மேல் கிடைப்பது. போரிலோ, எதிரி நடவடிக்கையிலோ ஏற்பட்ட காயத்துக்குப் ‘போர்க் காய ஓய்வூதியம்’ என்று தனியாக உண்டு. அதன் விகிதம் இதைவிட அதிகம். ஆகவே உங்கள் காயம் எந்தப் பிரிவில் போடப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். சதவீதம் சரியாக இருந்தும் பிரிவு தவறாக இருந்தால் மாதாமாதம் இழப்புதான்.

நீதிமன்றம் என்ன சொல்லியிருக்கிறது?

மூன்று தீர்ப்புகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தரம்வீர் சிங் வழக்கு, 2013: சிக்னல்ஸ் பிரிவில் 1985-இல் சேர்ந்த சிப்பாய் ஒருவர் வலிப்பு நோயால் 1994-இல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ஊனம் 20 சதவீதம், ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. சேரும்போது எடுத்த மருத்துவக் குறிப்பில் நோய் எதுவும் பதிவாகவில்லை என்றால், அவர் நல்ல உடல்நிலையில் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பணியால் வந்ததல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்துடையது. சந்தேகத்தின் பலன் படைவீரருக்கே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

ராம் அவதார் வழக்கு, 2014: ஊனச் சதவீதத்தை மேல்நோக்கி முழுமையாக்கும் சலுகை, மருத்துவக் காரணத்தால் வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டுமல்ல, பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு. 50-க்குக் கீழ் இருந்தால் 50. 50 முதல் 75 வரை இருந்தால் 75. 76 முதல் 100 வரை இருந்தால் 100. மேலே சொன்ன கணக்கில் 30 சதவீத ஊனத்துக்கு 3,600 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 6,000 ரூபாய் வரும்.

தர்சேம் சிங் வழக்கு, 2008: ஓய்வூதிய மறுப்பு மாதந்தோறும் தொடரும் பாதிப்பு. அதனால் காலதாமதமாகப் போனாலும் கதவு அடைபடாது. ஆனா நிலுவைத் தொகை பொதுவாக வழக்குப் போடுவதற்கு முந்தைய மூன்று வருஷத்துக்கு மட்டுமே. பத்து வருஷம் சும்மா இருந்தால் ஏழு வருஷப் பணம் போனதுதான்.

ஒரு எச்சரிக்கை: 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. உங்கள் ஓய்வுத் தேதி அதற்கு முன்னா, பின்னா என்பதைப் பொறுத்து வாதம் மாறும். தேதியை முதலில் பாருங்கள்.

படிப்படியாகச் செய்ய வேண்டியது

1. மருத்துவக் குழு அறிக்கையை வாங்குங்கள். ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 என்ற படிவம் அது. கையில் இல்லையென்றால் மத்திய அரசின் ஆர்.டி.ஐ. இணையதளத்தில் போனிலிருந்தே கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் ஆவண அலுவலகம் வெலிங்டனில். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரில்.

2. காரணம் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். ‘பணியால் அல்ல’ என்று மட்டும் எழுதிவிட்டு ஏன் என்று சொல்லவில்லை என்றால், அதுவே உங்கள் மேல்முறையீட்டின் முதல் வரி.

3. முதல் மேல்முறையீடு. மறுப்புக் கடிதம் கிடைத்த ஆறு மாதத்துக்குள், ஆவண அலுவலகம் வழியாக, முதல் மேல்முறையீட்டுக் குழுவுக்கு. நீளமா எழுத வேண்டாம். எங்கே, எந்தத் தேதியில், என்ன பணியில் இருந்தபோது அடிபட்டது அல்லது நோய் தொடங்கியது என்பதை வரிசையாக எழுதுங்கள். காய அறிக்கை, ராணுவ மருத்துவமனைச் சீட்டு, டிஸ்சார்ஜ் புத்தகம் ஆகியவற்றின் நகலை இணையுங்கள். ஊருக்கு வந்தபின் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ, அண்ணாமலைநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பார்த்த சிகிச்சைச் சீட்டுகளும் உதவும். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை போட்டோ எடுத்து வையுங்கள்.

4. இரண்டாவது மேல்முறையீடு. அதுவும் மறுக்கப்பட்டால், மீண்டும் ஆறு மாதத்துக்குள் இரண்டாவது மேல்முறையீட்டுக் குழுவுக்கு.

5. ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இதன் கிளை சென்னையில் இருக்கிறது. இறுதி உத்தரவு வந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்யலாம். மேல்முறையீடு போட்டு ஆறு மாதம் ஆகியும் பதில் இல்லையென்றால் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த ஆறு மாதத்துக்குள் நேரே தீர்ப்பாயம் போகலாம். தாமதமாகிவிட்டால் காரணம் சொல்லி தாமத மன்னிப்பு மனு சேர்க்கணும். வக்கீல் வைத்தும் வாதாடலாம், நீங்களே நேரிலும் வாதாடலாம். படைவீரர் காலமாகிவிட்டால் மனைவியும் வாரிசுகளும் தொடரலாம்.

இந்தக் குழப்பம் வேண்டாம்

‘எங்கிட்ட யு.டி.ஐ.டி. கார்டு இருக்கே, 40 சதவீதம்னு போட்டிருக்கே’ என்று சிலர் கேட்கிறார்கள். அது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் கீழ் சிவில் சலுகைகளுக்கானது. ராணுவ ஊன ஓய்வூதியத்தை ராணுவ மருத்துவக் குழுவின் மதிப்பீடுதான் தீர்மானிக்கும். யு.டி.ஐ.டி. சதவீதத்தில் குறை இருந்தால் அதற்கு மேல்முறையீடு வேறு; மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். இரண்டையும் ஒரே மனுவில் கலக்காதீங்க.

உதவி எங்கே?

கடலூரில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் முதல் படி. மனு எழுதவும், சரியான அலுவலகத்துக்கு அனுப்பவும் வழிகாட்டுவார்கள். சட்ட உதவிக்கு கடலூரில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, சிதம்பரத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழு. மாற்றுத்திறனாளிகளுக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. போன்: 15100.

‘கேஸ் ஜெயிச்சா பாதி எனக்கு’ என்று வரும் இடைத்தரகரிடம் டிஸ்சார்ஜ் புத்தகத்தின் அசலைக் கொடுக்காதீர்கள். ஸ்பர்ஷ் ஓய்வூதியத் தளத்தின் பாஸ்வேர்டையோ ஓ.டி.பி.யையோ யாருக்கும் சொல்லாதீர்கள்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்க: பீரோவிலிருந்து அந்தக் கடிதத்தை எடுங்கள். அது உங்கள் கைக்கு வந்த தேதியைப் பாருங்கள். அதிலிருந்து ஆறு மாதம் எண்ணி, போன் காலண்டரில் ஒரு மாதம் முன்னதாகவே அலாரம் வையுங்கள். கெடு ஏற்கெனவே தாண்டியிருந்தாலும் கவலைப்பட்டு உட்கார வேண்டாம். நாளைக் காலை கடலூருக்கு பஸ் ஏறுங்கள். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாத நிலுவையைக் கரைத்துவிடலாம்.