காய்ச்சலில் துடிக்கும் குழந்தை! செல்போனைக் கேட்டு வைத்தியம் பார்க்கலாமா?

நள்ளிரவு நேரம். குழந்தைக்கு உடம்பு அனலாகக் கொதிக்கிறது. தெருமுனை கிளினிக் பூட்டிக் கிடக்கிறது.

அப்பா செல்போனை எடுக்கிறார். "2 வயசுக் குழந்தை, காய்ச்சல், இருமல். என்ன வியாதி?" என்று ஏ.ஐ.யிடம் கேட்கிறார்.

கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்துவிடுகிறது. அதுவும் நல்ல தமிழில், டாக்டர் பேசுவது மாதிரியே!

இப்போது பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. இதை நம்பலாமா?

நியூயார்க்கில் நடந்த பரீட்சை

நியூயார்க்கில் உள்ள குழந்தைகள் ஆஸ்பத்திரி டாக்டர்கள் 'சாட்ஜிபிடி'க்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். மருத்துவப் பத்திரிகைகளில் வந்த 100 குழந்தைகளின் கேஸ்களைக் கொடுத்து, "என்ன நோய்?" என்று கேட்டார்கள்.

2024 ஜனவரியில் முடிவு வெளியானது. 17 கேஸ்களில்தான் சரியான விடை. 72 சுத்தமாகத் தப்பு. 11 பதில்கள் பட்டும் படாமலும் இருந்தன.

அவை டாக்டர்களையே திணற வைக்கும் சிக்கலான கேஸ்கள். ஏ.ஐ.யும் அதன் பிறகு வளர்ந்திருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தாய் கண்டுபிடித்த நோய்

இதற்கு நேர்மாறான சம்பவமும் உண்டு. அமெரிக்காவில் ஒரு சிறுவனுக்குத் தீராத வலி. 3 வருடத்தில் 17 டாக்டர்களிடம் காட்டியும் காரணம் பிடிபடவில்லை.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருந்ததை அவன் தாய் வரி வரியாக ஏ.ஐ.யிடம் கொடுத்தார். முதுகுத்தண்டு நரம்புக் கோளாறாக இருக்கலாம் என்றது அது. நரம்பியல் அறுவை சிகிச்சை டாக்டர் பார்த்து, "அதேதான்!" என்று உறுதி செய்தார். 2023-ல் இந்தச் செய்தி உலகம் பூராவும் பரவியது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தாயின் கையில் ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தது. பதிலை வாங்கிக்கொண்டு அவர் டாக்டரிடம்தான் போனார். வீட்டிலேயே வைத்தியம் பார்க்கவில்லை!

போனுக்குத் தெரியாதது

நாம் டைப் அடிப்பதுதான் ஏ.ஐ.க்குத் தெரியும். குழந்தை துவண்டு கிடப்பதைச் சொல்ல மறந்தால், "சாதாரண சளிதான்" என்று அது சொல்லிவிடக்கூடும்.

முதலில் குழந்தையின் சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பாருங்கள். அழாமல் இருக்கும்போது, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள்.

2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, அதற்கு மேல் 5 வயது வரை 40. மூச்சு இந்தக் கணக்கைத் தொட்டாலோ, தாண்டினாலோ ஆபத்து. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும் ஆபத்துதான்.

பால், தண்ணீர் குடிக்க முடியவில்லையா? குடித்ததெல்லாம் வாந்தியா? வலிப்பா? எழுப்பினாலும் கண் திறக்கவில்லையா? ஒன்று இருந்தாலும் உடனே கிளம்ப வேண்டும். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான். வண்டி இல்லையென்றால் 108.

டெங்குவில் இன்னொரு மோசம் உண்டு. காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம்!

சொட்டு மருந்தா, சிரப்பா?

மருந்து அளவையும் போனைக் கேட்டு முடிவு செய்யக் கூடாது. பாரசிட்டமால் சொட்டு மருந்தில் பொதுவாக ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. சிரப்பில் 5 மில்லிக்கே 125 அல்லது 250 தான். சிரப் அளவுக்குச் சொட்டு மருந்தை ஊற்றினால், 4 மடங்கு வரை கூடிவிடும். கல்லீரல் கெட்டுவிடக்கூடும்!

எதற்குக் கேட்கலாம்?

ரிப்போர்ட்டில் உள்ள வார்த்தைக்கு அர்த்தம் கேட்கலாம். டாக்டரிடம் என்னென்ன கேட்பது என்று குறித்துக்கொள்ளலாம். அதெல்லாம் நல்ல உபயோகம்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று ஏ.ஐ. சொன்னால் கேளுங்கள். "போக வேண்டாம்" என்று சொன்னால், அதை மட்டும் நம்பி வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்!