எழுதாத வரிகளை யார் சரிபார்ப்பது?

செயலித் திரை ஒன்றில் பெயர், முகவரி, பொத்தான் என்று பத்து உறுப்புகள் இருந்தால், ஆண்ட்ராய்டின் தொடக்க ஆண்டுகளில் அவற்றைத் தேடிப் பிடிக்கவே பத்து வரிகள் எழுத வேண்டும். கிரயப் பத்திர வாசகம் போலப் பெயர் மட்டும் மாறும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். இத்தகைய வரிகளை யாரும் கண் ஊன்றிப் படிப்பதில்லை. பிழை அங்கேதான் குடியேறுகிறது. எனவே இவற்றைக் குறைக்கும் திறந்த மூல லைப்ரரிகளை, எத்தனை வரி மிச்சம் என்று பார்த்து மதிப்பிடக் கூடாது. மிச்சமான வரிகளை யார் எழுதுகிறார்கள், யார் சரிபார்க்கிறார்கள் என்பதே கேள்வி.

சர்வர் அனுப்பும் ஜேசன் தகவலை கோட்லின் மொழியின் பொருளாக மாற்றும் வேலையைப் பாருங்கள். கூகுளின் ஜீசன் லைப்ரரி ஜாவாவுக்காகப் பிறந்தது. செயலி ஓடும்போதுதான் வகுப்பின் அமைப்பை ஆராய்கிறது. ஒரு புலம் ஒருபோதும் வெறுமையாக இருக்காது என்று கோட்லினில் நாம் அறிவித்திருந்தாலும் அதற்குத் தெரியாது. சர்வர் பெயரை அனுப்பாவிட்டால் அங்கே வெற்று (null) மதிப்பை வைத்துவிடும். செயலி பிறகு சம்பந்தமில்லாத வேறோர் இடத்தில் முறிந்து விழும். ஜெட்பிரெயின்ஸின் கோட்லின்எக்ஸ் சீரியலைசேஷனில் வகுப்பின் தலையில் ஒரு குறிப்பு (annotation) இட்டால் போதும், மாற்றும் நிரலைத் தொகுக்கும்போதே கம்பைலர் செருகி எழுதிவிடும். முன்னிருப்பு மதிப்பு தரப்படாத புலம் ஒன்று விடுபட்டால், தகவலைப் படிக்கும் அந்த இடத்திலேயே பிழை வெளிப்படும். நிரலர் எழுதும் வரிகள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பாதுகாப்புதான் வேறு.

கண்ணுக்குத் தெரியாத நிரலை நம்பலாமா, பராமரிப்பவர் கைவிட்டால் என்ன ஆகும் என்பவை நியாயமான அச்சங்கள். ஜேக் வார்ட்டன் 2013-ல் வெளியிட்ட பட்டர் நைஃப் லைப்ரரி இவற்றுக்கு நல்ல பதில். திரை உறுப்புகளைத் தேடும் வரிகளை அது தனிக் கோப்பாக எழுதி வைத்தது; யாரும் திறந்து படிக்கலாம். 2020-ல் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ 3.6 அதே வேலைக்கான வியூ பைண்டிங்கைக் கொண்டுவந்தபின், அதற்கு மாறிக்கொள்ளுங்கள் என்று பட்டர் நைஃபே அறிவித்து ஓய்வு பெற்றது. எங்கே மாற்ற வேண்டும் என்பதை நிரலில் இட்டிருந்த ஒவ்வொரு குறிப்பும் காட்டியதால், மாற்றம் உழைப்பாக இருந்ததே தவிர ஆபத்தாக இருக்கவில்லை.

செயற்கை நுண்ணறிவே இவ்வரிகளை நொடியில் எழுதுமே என்று இன்று கேட்கிறார்கள். தட்டச்சு எந்நாளும் பெரிய செலவாக இருந்ததில்லை. புதிய புலம் ஒன்று சேர்ந்தால், எழுதி வைத்த வரிகளை யாராவது தேடித் திருத்தியாக வேண்டும். லைப்ரரியோ ஒவ்வொரு தொகுப்பிலும் அவற்றைப் புதிதாக எழுதுகிறது. அதன் உண்மையான விலை காத்திருப்பு நேரம். குறிப்புகளைப் படிக்கும் பழைய கேஏபிடி கருவி, கோட்லின் நிரலுக்கு ஜாவாவில் ஒரு நிழல் வடிவம் செய்த பிறகே வேலையைத் தொடங்கும். கூகுளின் கேஎஸ்பி கோட்லினை நேரடியாகப் படிப்பதால் இருமடங்கு வரை வேகம் கிடைக்கிறது. ரூம், ஹில்ட் போன்ற லைப்ரரிகள் அதை ஆதரிக்கின்றன.