கடல் மயக்கத்துக்கு எந்த மாத்திரை?

பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு லங்காவிக்குப் புறப்படுகிறீர்களா? கோலா பெர்லிஸ் துறையிலிருந்து பெர்ரியில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்தான். ஆனாலும் அலை எழும்பினால் பலர் பிளாஸ்டிக் பையைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். ரஜூலாவிலும், பிறகு 1985 வரை ஓடிய சிதம்பரம் கப்பலிலும் நாள்கணக்கில் பயணம் செய்து வந்த நம் பெரியவர்களைக் கேளுங்கள். பட்ட பாட்டைக் கதை கதையாகச் சொல்வார்கள்.

உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு ‘ஆடுகிறோம்’ என்கிறது. பெர்ரியின் சுவரைப் பார்க்கும் கண்ணோ ‘அசையவில்லை’ என்கிறது. இந்தக் குழப்பத்தில்தான் குமட்டல் வருகிறது. கோளாறு வயிற்றில் இல்லை. ஆகவே, முன்பு கிளினிக்கில் வாந்திக்குக் கொடுத்து மீந்துபோன மாத்திரையைப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். உறையில் மெட்டோகுளோபிரமைட், டொம்பெரிடோன் என்றிருந்தால் அவை கடல் மயக்கத்தைத் தடுக்கா. வயிற்றுவலிக்குத் தரும் புஸ்கோபானும் அப்படியே.

நெடுநாள் பழக்கத்தில் உள்ளது டைமென்ஹைட்ரினேட். இதன் குணம் தற்செயலாகத்தான் தெரிந்தது. 1947-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், தோல் தடிப்புக்காக இதை உட்கொண்ட ஒரு கர்ப்பிணிக்கு, டிராம் வண்டியில் வழக்கமாக வரும் மயக்கம் நின்றுபோயிற்று. அவ்வாண்டு இறுதியிலேயே அட்லாண்டிக் கடலில் சென்ற இராணுவக் கப்பலில் சிப்பாய்களுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். பெரியவர்களுக்கு 50 மில்லிகிராம். ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. நான்கிலிருந்து ஆறு மணி நேரம் வேலை செய்யும். தூக்கம்தான் இதன் குறை.

சின்னாரிசின் அவ்வளவு தூக்கம் தராது. ஆனால் இரண்டு மணி நேரம் முன்னதாகவே போடவேண்டும். கைநடுக்க நோயான பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு இது ஆகாது. புரொமெத்தசின் எல்லாவற்றையும்விட அதிகமாகத் தூங்க வைக்கும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது, மூச்சு தடைபடலாம். சில நாடுகளில் காதின் பின்புறம் ஒட்டும் ஹையோசின் பட்டையும் உண்டு. மூன்று நாள் தாங்கும். கண் அழுத்த நோய், சிறுநீர் அடைப்பு உள்ள முதியவர்களுக்கு அது வேண்டாம். லங்காவிக்குப் போய்வர அது தேவையும் இல்லை.

தூக்கத்தைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். துறையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போகிறவர், திரும்பும்போது பெர்ரியில் மாத்திரை போட்டால், இறங்கியதும் அந்த அரைத் தூக்கத்தோடுதான் சாலையில் ஏறுவார். உங்கள் குடும்பத்தில் வண்டி ஓட்டப்போகிறவர் மாத்திரை போடாதவராக இருக்கட்டும். மதுவோடு சேர்த்தால் மயக்கம் இன்னும் கூடும்.

பிள்ளைகளுக்கு வயதுக்குத் தக்க அளவை மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள். பாதி உடைத்துக் கொடுத்தால் போதும் என்று நீங்களே கணக்குப் போடாதீர்கள். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் போடவேண்டாம். இஞ்சி மிட்டாய் சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை. தூக்கம் வராது என்பதால் முயன்று பார்க்கலாம்.

எந்த மாத்திரையானாலும் ஏறுவதற்கு முன்பே போடுங்கள். வாந்தி தொடங்கியபின் விழுங்கினால் அதுவும் வெளியே வந்துவிடும். பெர்ரியின் நடுப்பகுதியில் இடம்பிடித்து, கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு, சன்னல் வழியே தூரத்துத் தொடுவானத்தைப் பார்த்தபடி வாருங்கள்.