தமிழ் எண்குறிச் சரங்களை முழு எண்ணாக மாற்றும் முறைகள்: விரைவும் பிழையின்மையும்

முன்னுரை

சென்னையில் 1886ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அடையாறு நூலகமும், பெசன்ட் நகரிலுள்ள உ.வே.சாமிநாதையர் நூலகமும் ஓலைச்சுவடிகளைப் பாதுகாத்துவருகின்றன. தமிழ்ச் சுவடிகளில் ஏட்டெண்கள் பெரும்பாலும் தமிழ் எண்குறிகளால் இடப்பட்டவை. கணினியில் உள்ளிடப்படும்போது அவை எழுத்துச்சரங்களாகவே அமைகின்றன. சரமாகவே வரிசைப்படுத்தினால் இருபதாம் ஏடு (௨௰) மூன்றாம் ஏட்டிற்கு (௩) முன்னர் வந்துவிடும். எனவே அவற்றை முழு எண்ணாக மாற்றுதல் இன்றியமையாதது. இம்மாற்றத்திற்குரிய முறைகளை இக்கட்டுரை ஒப்பிடுகிறது.

இருவகை எழுத்துமுறை

205 என்னும் எண்ணை இடமதிப்பு முறையில் ௨௦௫ எனவும், மரபுமுறையில் ௨௱௫ எனவும் எழுதலாம். மரபுமுறையில் சுழியம் இல்லை. ௰, ௱, ௲ ஆகிய குறிகளே பத்து, நூறு, ஆயிரம் என்னும் மதிப்புகளைச் சுட்டுகின்றன. ஒருங்குறியில் தமிழ்ச் சுழியம் 2005இல் வெளிவந்த 4.1ஆம் பதிப்பில்தான் இடம்பெற்றது.

உள்ளமைந்த செயற்கூறுகள்

பைத்தானின் ‘இன்ட்’, ஜாவாவின் ‘பார்ஸ்இன்ட்’ ஆகியவை ௨௦௫ என்பதை நேரடியாக 205 ஆக மாற்றும். சி மொழியின் ‘ஏடுஐ’ அதற்குச் சுழியத்தையே விடையாகத் தரும். ஜாவாஸ்கிரிப்டின் ‘பார்ஸ்இன்ட்’ எண் அன்று என்னும் விடையைத் தரும். இவ்விரு மொழிகளிலும் தமிழ் இலக்கங்களை முதலில் 0–9 ஆக மாற்ற வேண்டியுள்ளது. இது கூடுதல் வேலையாகிறது. ௨௱௫ என்னும் மரபு வடிவத்தையோ மேற்கண்ட எச்செயற்கூறும் சரியாக ஏற்பதில்லை. பிழைச்செய்தியைத் தவிர்க்க ௱ குறியை நீக்கிவிட்டால் விடை 25 ஆகிவிடும். பிழை நேர்ந்ததற்கான அறிகுறியும் தோன்றாது.

மரபுமுறைக்கான படிமுறை

இடமதிப்பு முறையில், அதுவரை கிடைத்த மதிப்பைப் பத்தால் பெருக்கி அடுத்த இலக்கத்தைக் கூட்டினால் போதும். மரபுமுறையில் ௰ அல்லது ௱ வரும்போது முன்னுள்ள இலக்கத்தை அதனால் பெருக்கிக் கூட்டவேண்டும். இலக்கம் இல்லையெனில் ஒன்று எனக் கொள்ளவேண்டும். ௲ வரும்போது அதுவரை திரண்ட தொகை முழுவதையும் ஆயிரத்தால் பெருக்கவேண்டும். இவ்வகையில் ௰௨௲ என்பது 12,000 ஆகும்.

விரைவு ஒப்பீடு

இவ்விரு படிமுறைகளும் சரத்தை ஒருமுறை மட்டுமே கடக்கின்றன. ஏட்டெண் போன்ற சிறு சரங்களில் இரண்டிற்கும் தேவைப்படும் செயல்கள் ஏறத்தாழ ஒரே அளவின. வேறுபாடு செயற்படுத்தும் விதத்தில் எழுகிறது. வழக்கமான பைத்தானின் ‘இன்ட்’ சி மொழியில் தொகுக்கப்பட்டது. பைத்தானிலேயே எழுதும் மடக்கு அதைவிட மெதுவாக இயங்கும். ஆகவே ௰, ௱, ௲ ஆகியவற்றுள் ஒன்றேனும் சரத்தில் உள்ளதா என முதலில் சோதித்து, இல்லாதவற்றை ‘இன்ட்’டிற்கும் உள்ளவற்றை மரபுப் படிமுறைக்கும் அனுப்புதல் பொருத்தமானது.

முடிவுரை

விரைவை மட்டும் கருதி உள்ளமைந்த செயற்கூற்றையே நம்பினால் மரபு எண்கள் விடுபடும். குறிகளை நீக்கினால் அவை திரியும். 205ஆம் ஏடு 25ஆம் இடத்தில் அமர்ந்தால் சுவடியின் பாடத்தொடர்ச்சியே குலையும். எனவே எழுத்துமுறையை அறிந்த பின்னரே முறைகளின் விரைவை ஒப்பிடுதல் தகும்.