வரைகோலும் உளியும்

மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூரை எட்டுவதற்குச் சற்று முன்னர், வத்திராயிருப்புக்குப் பாதை பிரியும் இடத்தில் இருப்பது கிருஷ்ணன்கோவில். 1984 ஆம் ஆண்டில் அங்கே ஒரு பொறியியற் கல்லூரி தோன்றியது. கலசலிங்கம் என்னும் பெயர் தாங்கிய அக்கல்லூரி 2006 இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. அன்று தொட்டு அச்சிற்றூர் மாணவர் ஊராகவே விளங்கி வருகிறது. ஆண்டுதோறும் தேர்வுகள் முடிந்ததும் மாணவருள் ஒரு சாரார் வீடு திரும்புகின்றனர். மற்றொரு சாரார் மதுரை, கோவை, சென்னை என்று ஊர் ஊராகப் பயிற்சி தேடிப் புறப்படுகின்றனர். இக்கோடைப் பயிற்சிக்கு, வீட்டின் உள்ளமைப்பை வகுத்துத் தரும் நிறுவனங்களை நாடிச் செல்லும் இவ்வட்டாரத்து இளைஞரையும் அவர்தம் பெற்றோரையும் மனத்திற் கொண்டே இன்று பேச முற்படுகிறேன்.

உள்ளமைப்பு என்றவுடன் பலர் திரைச்சீலையையும் பூச்சாடியையும் எண்ணிக்கொள்கின்றனர். அது பிழை. சுவரும் கூரையும் எழுந்த பின்னர், அவற்றுக்கு உள்ளே மனிதர் உண்ணவும் உறங்கவும் படிக்கவும் சமைக்கவும் ஏற்றவாறு இடத்தைப் பகிர்ந்து தருவதே இக்கலை. ஒளி எங்கிருந்து வருகிறது, காற்று எங்கே தடைப்படுகிறது, அலமாரிக் கதவு திறந்தால் கட்டிலில் இடிக்குமா, முதியவர் இரவில் எழுந்து செல்லும் வழி நேராக உள்ளதா என்பன போன்ற வினாக்களே இதன் உயிர்நாடி. அழகு இறுதியில் வருவது. சில வேளை தானாகவே வந்துவிடுவது.

இத்தொழிலுக்கு நம் நாட்டில் ஒரு தனித்தன்மை உண்டு. கட்டடக்கலைஞர் என்னும் பெயரை 1972 ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. பதிவு பெறாதவர் அப்பெயரைச் சூட்டிக்கொள்ளல் இயலாது. உள்ளமைப்பாளருக்கோ அத்தகைய சட்டம் எதுவும் இல்லை. அதே 1972 இல் இந்திய உள்ளமைப்பாளர் கழகம் தோன்றித் தொண்டாற்றி வருகிறது என்பது மெய்யே. ஆயினும் அதில் உறுப்பினர் ஆகாதவரும் நாளையே ஒரு பெயர்ப்பலகை தொங்கவிடலாம். எனவே, தேர்ந்த கலைஞரின் அலுவலகமும், மரக்கடைத் தரகரின் அலுவலகமும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். மாணவன் தன் ஒன்றரை மாதத்தை எங்கே செலவிடுகிறான் என்பது இதனாலேயே பெரிய செய்தியாகிறது.

ஒன்றரை மாதம் என்றேன். 2020 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின், பட்டப் படிப்பில் இத்தகைய பயிற்சிக்கும் மதிப்பலகு வழங்கும் முறை பரவியுள்ளது. பல்கலைக்கழக மானியக் குழுவின் கணக்குப்படி, ஒரு மதிப்பலகுக்கு 30 மணி நேரப் பயிற்சி. நான்குக்கு 120 மணி. நாளொன்றுக்கு 6 மணி என வைத்துக்கொண்டால் 20 நாட்களில் அது முடிந்துவிடும். ஆனால் 20 நாட்களில் ஓர் அலமாரியின் பிறப்பையும் வளர்ச்சியையும் முழுமையாகக் காண்டல் அரிது. அளவெடுத்தல், வரைதல், வீட்டாரின் இசைவு, மரம் வாங்கல், அறுத்தல், பொருத்தல், மெருகிடல் என அதற்கும் ஒரு பருவ காலம் உண்டன்றோ? ஆகவே இயலுமாயின் 45 நாட்களாவது தங்குதல் நன்று.

பயிற்சியின் முதல் பாடம் அளவெடுத்தலே. கல்லூரியில் மாணவன் வரையும் அறை, நான்கு மூலையும் நேர்கோணமாய் அமைந்த அறை. கணிப்பொறித் திரையில் சுவர் ஒருநாளும் கோணாது. நம் ஊர்ச் சுவரோ அவ்வாறன்று. பத்தடி என்று வரைபடத்தில் கண்ட சுவர் தரையருகே பத்தடியாக இருக்கும். இடுப்புயரத்தில் அரை அங்குலம் குறையும். தலைக்கு மேலே ஓர் அங்குலம் குறையும். சாந்துப் பூச்சின் கனம் இடத்துக்கு இடம் மாறுவதே காரணம். எனவே சுவருக்குச் சுவர் அலமாரி செய்வோர் மூன்று உயரங்களிலும் அளந்து, அவற்றுள் மிகச் சிறியதையே கொள்வர். அறை கோணலா என்று அறிய மூலைவிட்டங்கள் இரண்டையும் அளப்பர். இரண்டும் ஒத்திருந்தால் அறை நேர். 9 அடிக்கு 12 அடி அறையாயின் மூலைவிட்டம் 15 அடி இருத்தல் வேண்டும். 3, 4, 5 என்னும் எண்களால் மூலை பார்க்கும் இந்த முறையைக் கொத்தனாரும் தச்சரும் நாள்தோறும் கையாள்கின்றனர். பள்ளியில் நாம் பித்தாகரஸ் தேற்றம் என்று மனப்பாடம் செய்தது இதுவே என்பதை மாணவன் அந்த அறையில் நின்றுதான் உணர்கிறான்.

விருதுநகர் மாவட்டத்தில் இன்னொன்றும் உண்டு. மேற்கே மலையடிவாரத்தில் செம்மண் மிகுதி. கிழக்கே செல்லச் செல்லக் கரிசல். கரிசல் மண் மழையில் பொருமும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அடித்தளம் போதிய வலிவின்றி அதன்மேல் நிற்கும் வீட்டில், சுவரும் கதவுநிலையும் ஆண்டுதோறும் சிறிது அசையும். இத்தகைய வீட்டில் மயிரிழை இடமும் விடாது இறுக்கிப் பொருத்திய அலமாரியின் கதவு ஐப்பசி மழையில் சிக்கிக்கொள்ளும். பக்கங்களில் இடைவெளி விட்டு, அதை ஒரு மெல்லிய சட்டத்தால் மறைப்பதே அறிவுடைமை. சென்னையில் எழுதிய பாடநூலில் இதைத் தேடிப் பயனில்லை.

அடுத்தது பலகைக் கணக்கு. இதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். பிளைவுட் எனப்படும் ஒட்டுப்பலகை, பெரும்பாலும் 8 அடி நீளமும் 4 அடி அகலமும் உடையதாய்க் கடையில் கிடைக்கிறது. அஃதாவது 32 சதுர அடி. 7 அடி உயரம், 6 அடி அகலம், 2 அடி ஆழம் உள்ள ஓர் அலமாரியை எடுத்துக்கொள்வோம். பக்கப் பலகைகள் இரண்டும் நடுத்தடுப்பு ஒன்றும் ஆக மூன்று; மேலும் கீழும் இரண்டு; மூன்றடி நீளத் தட்டுகள் ஆறு; ஒன்றரை அடி அகலக் கதவுகள் நான்கு. எல்லாவற்றின் பரப்பையும் கூட்டினால் 144 சதுர அடி வரும். 32 ஆல் வகுத்தால் நாலரைப் பலகை. மாணவன் ஐந்து பலகை போதும் என்று எழுதிக் கொடுப்பான். தச்சரோ ஆறு கேட்பார்.

யார் சொல்வது சரி? தச்சர் சொல்வதே சரி. நாலடி அகலப் பலகையில் ஒன்றரை அடிக் கதவு இரண்டுதான் எழும். எஞ்சும் ஓரடித் துண்டு எதற்கும் உதவாது. எட்டடி நீளத்தில் ஏழடி போக மிஞ்சுவதும் அவ்வாறே. பரப்புக் கணக்கு, பலகையை மாவாக அரைத்து மீண்டும் பிசையலாம் என்று எண்ணுகிறது. தச்சர் அதை அறுக்க வேண்டியவர். இன்னொரு நுட்பமும் இதில் அடங்கியிருக்கிறது. நாலடிப் பலகையைச் சரிபாதியாக அறுத்தால் இரண்டடித் துண்டு இரண்டு கிடைக்கும் என்று எண்ணுவோம். ரம்பத்தின் வாய் தன் பங்குக்குச் சிறிது மரத்தைத் தின்றுவிடும். ஆகவே அனுபவமுள்ளவர் அலமாரியின் ஆழத்தை 24 அங்குலம் என்று வரையாமல் 23 3/4 என்று வரைவர். அறியாதவர் அழகு கருதி 25 என்று வரைந்துவிட்டால், பலகைக்கு இரண்டு எழவேண்டிய பக்கப் பலகை ஒன்றாகக் குறைந்துபோகும். வரைகோல் ஓர் அங்குலம் நகர்ந்ததற்கு வீட்டுக்காரரின் பணப்பை விலை கொடுக்கிறது.

இங்கேதான் நான் வற்புறுத்த விரும்பும் கருத்து வருகிறது. ஜெர்மனியில் வைமார் நகரில் 1919 ஆம் ஆண்டு வால்ட்டர் குரோப்பியஸ் என்பவர் பௌஹவுஸ் என்னும் கலைப்பள்ளியை நிறுவினார். அதன் தொடக்க ஆண்டுகளில் ஒவ்வொரு பட்டறைக்கும் ஆசிரியர் இருவர் இருந்தனர்: வடிவம் கற்பிக்கும் கலைஞர் ஒருவர்; கைத்தொழில் கற்பிக்கும் கம்மியர் ஒருவர். 1925 இல் பள்ளி தெஸ்ஸௌ நகருக்குப் பெயர்ந்தபோது இந்த இரட்டை முறை தேவையற்றுப் போயிற்று. ஏனெனில் இருவரிடமும் பயின்ற பழைய மாணவர் சிலரே ஆசிரியராகி, இரண்டையும் ஒருவராய் நின்று கற்பிக்க வல்லவராயினர். தச்சுப் பட்டறையில் மாணவராயிருந்து பின் அதற்கே தலைவரான மார்செல் பிராயர் அவர்களுள் ஒருவர்.

நம் மாணவனுக்கும் கோடைப் பயிற்சியில் ஆசிரியர் இருவர் வாய்க்கின்றனர். ஒருவர் குளிரூட்டிய அறையில் அமர்ந்திருக்கிறார். அவரை மாணவன் ‘சார்’ என்றோ ‘மேடம்’ என்றோ அழைக்கிறான். மற்றவர் மரத்தூள் படிந்த சட்டையோடு பட்டறையில் நிற்கிறார். அவரை ‘ஆசாரி’ என்றோ ‘அண்ணே’ என்றோ அழைக்கிறான். ஆசிரியர் என்று எண்ணுவதில்லை. பல நிறுவனங்களும் இதற்கு உடந்தையாகவே உள்ளன. 45 நாட்களும் மாணவனைக் கணிப்பொறியின் முன் அமர்த்தி, விற்பனைக்கு வேண்டிய வண்ணப் படங்களை வரைவித்துக்கொண்டு, இறுதியில் ஒரு சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுகின்றன. படம் வரைவது தாழ்ந்த வேலையன்று. ஆனால் அதை அவன் கிருஷ்ணன்கோவில் விடுதியிலிருந்தே செய்திருக்கலாம்; வாடகையும் பேருந்துக் கட்டணமும் மிஞ்சியிருக்கும்.

இவ்விருவர் கையிலும் அடங்காத மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு: வீட்டில் சமைப்பவர். சமையல் மேடையின் உயரம் 2 அடி 10 அங்குலம் என்று நூல்கள் பொதுவாகச் சொல்லும். சமைப்பவரை நிற்கச் செய்து, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்கு நான்கைந்து அங்குலம் கீழே மேடையை அமைப்பதே முறை. அடுப்பு வைக்கும் இடத்தை இன்னும் தாழ்த்தினால் நன்று. ஏனெனில் மேடைமேல் அடுப்பு, அடுப்பின்மேல் இட்லிப் பானை என்று ஏறும்போது, உயரம் குறைந்த அம்மையாருக்குப் பானைக்குள் என்ன நிகழ்கிறது என்பதே தெரியாமற் போகும். கிரைண்டருக்கும் தாழ்ந்த மேடை வேண்டும். இவற்றையெல்லாம் கேட்டறிய மாணவன் வெட்கப்படலாகாது. வீட்டுத் தலைவர் ‘எல்லாம் எனக்குத் தெரியும்’ என்று விடை சொன்னாலும், சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்வையைத் திருப்புதல் நல்லது!

பயிற்சிக்குத் தொலைவூர் சென்றுதான் ஆகவேண்டுமா என்று கேட்கலாம். பெருநகரில் பலவகை வேலைகளை ஒருங்கே காணலாம் என்பது உண்மை. ஆயினும் இவ்வட்டாரத்தின் செல்வத்தைக் கண்டறியாமல் செல்லுதல் இழப்பே. ராஜபாளையம் பஞ்சாலைகளின் ஊர். ராஜபாளையம் மில்ஸ் 1936 இல் தொடங்கியது. அதனை அடுத்த சத்திரப்பட்டி, மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்து நாடெங்கும் அனுப்புகிறது. வெயிலை வடிகட்டி, காற்றை விடும் மென்துணி அது; அத்தகைய நெசவை ஏன் சன்னலில் தொங்கவிடக் கூடாது என்று ஒரு மாணவனேனும் எண்ணிப் பார்க்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆத்தங்குடிக்குச் சென்றால், கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றித் தரை ஓடு செய்வதைக் காணலாம். அதைச் சூளையில் சுடுவதில்லை, நீரில் ஊறவைத்தே பதப்படுத்துகின்றனர். மற்றொரு ஞாயிறு பத்தமடைக்குச் சென்றால் தாமிரபரணிக் கரைக் கோரை பாயாவதைக் காணலாம். இலங்கையில் மின்னெட் டி சில்வா என்னும் அம்மையார், 1950 ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டியில் கட்டிய கருணாரத்ன இல்லத்தில், தும்பறைப் பாய் நெசவாளரின் கைவேலையைக் கதவுகளிலேயே பதித்தார். பாய் என்றால் தரையில் விரிப்பது என்று மட்டும் அவர் நினைக்கவில்லை.

இனிப் பணமும் பாதுகாப்பும் பற்றிச் சில சொற்கள். 1961 ஆம் ஆண்டுத் தொழிற் பயிலுநர் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றோர்க்கு உதவித்தொகை கட்டாயம். கல்லூரி வழியாகச் சில வாரங்களுக்குச் செல்லும் மாணவர்க்கு அது தானாக வருவதன்று; நிறுவனத்தோடு செய்துகொள்ளும் ஏற்பாட்டைப் பொறுத்தது. பயிற்சி தருவதற்கே மாணவனிடம் பணம் கேட்கும் இடமாயின், ஒருமுறைக்கு இருமுறை சிந்திக்க வேண்டும். மாணவியர் அறியவேண்டிய சட்டம் மற்றொன்று. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 ஆம் ஆண்டுச் சட்டம், ஊதியம் பெறுவோர்க்கு மட்டுமன்றிப் பயிற்சி பெறுவோர்க்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் முறையீடு கேட்க உட்குழு ஒன்று இருந்தாக வேண்டும். அக்குழு உண்டா என்று முதல் நாளே கேட்பதில் நாணத்திற்கு இடமில்லை.

சேருமுன் நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் பெறுதல் வேண்டும். பயிற்சி தொடங்கும் நாள், முடியும் நாள், நாளொன்றுக்கு எத்தனை மணி, உதவித்தொகை உண்டா இல்லையா, யார் மேற்பார்வை என்பவற்றோடு, வாரத்தில் எத்தனை நாள் பட்டறையிலும் வேலை நடக்கும் வீட்டிலும் செலவிடலாம் என்பதும் அதில் இருக்கட்டும். இக்கடைசி வரியை எழுத்தில் தர நிறுவனம் தயங்கினால், அடுத்த நிறுவனத்தின் கதவைத் தட்டலாம். தந்தால், கல்லூரிக்கு ஒரு படியும் வீட்டாருக்கு ஒரு படியும் கொடுத்துவிட்டு, ஓர் அளவு நாடாவும் தடித்த நோட்டுப் புத்தகமும் வாங்கிக்கொண்டு பேருந்து ஏறலாம்.