அதிட்டச் சீட்டும் ஓர் எழுத்தும்

ஊழின் கையில் ஒப்படைக்கப்பட்ட காரியங்களிலேதான் மனிதன் மிகுந்த கவனம் செலுத்துகிறான். தன் முயற்சியால் ஆகக்கூடிய கருமத்தை அரை மனத்தோடு செய்து முடிப்பவன், தன் முயற்சிக்குச் சிறிதும் அகப்படாத கருமத்தில் ஒரு புள்ளியேனும் பிசகிவிடக் கூடாதென்று இரவெல்லாம் விழித்திருக்கிறான். பாடம் படியாத மாணவன் பரீட்சைச் சுட்டெண்ணை மாத்திரம் பத்து முறை சரிபார்ப்பதை ஆசிரியர்களாகிய நாம் கண்டிருக்கிறோம் அல்லவா? இவ் வியல்பு முழுவதையும் ஒருங்கே காண விரும்புவோர், அமெரிக்க நாட்டின் குடிவரவுச் சீட்டிழுப்புக்கு நம்மவர் விண்ணப்பம் நிரப்பிய காட்சியைக் கண்டிருத்தல் வேண்டும்.

'கிறீன் காட் லொத்தர்' என்று ஊரார் வழங்கும் அச் சீட்டிழுப்பின் வரலாறு சுருக்கமானது. அமெரிக்காவுக்குக் குறைந்த தொகையினரே குடிபெயர்ந்த நாடுகளுக்கும் இடமளிக்க வேண்டும் என்னும் நோக்குடன், 1990ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் அதனை ஏற்படுத்தியது. 1995ஆம் நிதியாண்டு தொடக்கம் அது நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 55,000 விசாக்கள் என்று சட்டம் வகுத்தது. அவற்றுள் 5,000 வரை பின்னர் வேறு தேவைக்கு ஒதுக்கப்பட்டமையால், நடைமுறையில் 50,000 அளவே எஞ்சின. முந்திய ஐந்து ஆண்டுகளில் 50,000 பேருக்கு மேற்பட்டோரைக் குடியேற அனுப்பிய நாடுகளிற் பிறந்தோர் பங்குபற்றல் ஆகாது. ஆதலால், இந்தியாவிற் பிறந்தார்க்கு அடைத்திருந்த கதவு இலங்கையிற் பிறந்தார்க்குத் திறந்திருந்தது. பன்னிரண்டு ஆண்டுப் பாடசாலைக் கல்வியோ, குறித்த சில தொழில்களில் இரண்டாண்டு அனுபவமோ உள்ள எவரும் விண்ணப்பிக்கலாம். 2012ஆம் ஆண்டு விசாக்களுக்காக உலகெங்கிலுமிருந்து வந்த விண்ணப்பங்கள் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி.

2025ஆம் ஆண்டு டிசம்பரில் இத் திட்டத்தை இடைநிறுத்துவதாக அமெரிக்க அரசாங்கம் அறிவித்தது. அதன் எதிர்காலத்தை ஆராய்வது என் நோக்கமன்று. ஆங்கிலம் கற்பித்தவன் என்ற ஒரே காரணத்தால், பல ஆண்டுகளாக ஒக்டோபர் மாதந்தோறும் என் வீட்டு விறாந்தையில் வந்து அமர்ந்தவர்களின் கவலைகளையே இங்கு எண்ணிப் பார்க்கிறேன்.

முதற் கவலை பெயர். குடும்பப் பெயர், முதற் பெயர், நடுப் பெயர் என்று பத்திரம் மூன்று கட்டங்களை விரித்து வைத்திருந்தது. நமக்கோ குடும்பப் பெயர் என்பதொன்று இல்லை. தந்தையின் பெயர் முன்னே நிற்கும். தன் பெயர் பின்னே நிற்கும். அடுத்த தலைமுறையில் அத் தன் பெயரே தந்தை பெயராகி முன்னே ஏறிக்கொள்ளும். தந்தை பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதினால் அந் நாட்டார் தம்மைத் தகப்பனார் பெயர் சொல்லி அழைப்பார்களே என்று கூசியவர் உண்டு. பெண்களின் சங்கடம் இதனினும் பெரிது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தந்தை பெயருடன் நிற்பவர், அடையாள அட்டையிற் கணவர் பெயருடன் நிற்பார்.

இனி, எழுத்துக் கூட்டல். 'நாதன்' என்று முடியும் ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் அதற்கு ஒரே வடிவம். ஆங்கிலத்தில் எழுதும்போது, பதிவுகாரர் ரி என்னும் எழுத்தை மாத்திரம் இட்டிருப்பார். பாடசாலை அதனோடு எச் சேர்த்திருக்கும். அடையாள அட்டை டி என்று எழுதியிருக்கும். ஒரு மனிதர் மூன்று பத்திரங்களில் மூன்று மனிதராக நிற்பார். 'இவற்றுள் எது நான்?' என்று கேட்பது போல் அம் மூன்றையும் என் மேசைமேற் பரப்பி வைத்துவிட்டு, அவர் என் முகத்தைப் பார்ப்பார். கடவுச்சீட்டில் உள்ளவாறு எழுதுக என்பதே அறிவுறுத்தல். அதனைப் பின்பற்றினால் பெரும்பாலும் வழக்கில்லை. பத்திரங்களுக்கிடையே ஓர் எழுத்து வேறுபடுவது பின்னர் நேர்முகத்தில் விளக்கிக் கொள்ளத்தக்க காரியமே என்று எத்தனை முறை சொன்னாலும், அந்த எச் அவர்களை உறங்கவிட்டதில்லை.

அடுத்தது பிறந்த இடம். தீவுப் பகுதியைச் சொந்த ஊராகக் கொண்டவர், யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியிற் பிறந்திருப்பார். ஊரின் பெயரை விட்டு யாழ்ப்பாணம் என்று எழுதுவது அவருக்குத் தம் மூதாதையரை மறுப்பது போலத் தோன்றும். ஆனால், பத்திரம் கேட்டது பிறந்த இடத்தையன்றிப் பிறப்பின் வேரையன்று.

ஊரின் பெயரிலும் நாட்டின் பெயரே பெரிது. இச் சீட்டிழுப்பிற் குடியுரிமை எந் நாட்டினது என்பது பொருளன்று. பிறந்த நாடு எது என்பதே பொருள். 1983ஆம் ஆண்டின் பின் கடல் கடந்து தமிழ்நாட்டிற்குச் சென்ற நம்மவர்க்கு அங்கே அகதி முகாம்களிற் பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களிற் சிலர் பின்னர் ஊர் திரும்பி, இங்கே படித்து, இங்கே வளர்ந்தார்கள். இலங்கைப் பிரசையாக இருந்தும் பிறந்த நாடு என்னும் கட்டத்தில் அவர்கள் இந்தியா என்றே எழுத வேண்டும். எழுதிய அளவில் கதவு அடைபடும். கணவனோ மனைவியோ இலங்கையிற் பிறந்திருந்தால், அவ் வழியால் நுழைய இடமுண்டு. பிள்ளை பிறந்தபோது பெற்றோர் இருவரும் அந் நாட்டிற் பிறந்தவரும் அந் நாட்டின் சட்டபூர்வமான வதிவாளரும் அல்லராயின், பெற்றோரின் நாட்டைத் தன் நாடாகக் கோரவும் விதி இருந்தது. முகாமில் வாழ்வது வதிவா, அன்றா? ஒரு சிறு கட்டத்தின் பின்னே இத்துணைப் பெரிய வினா மறைந்து கிடந்தது.

நிழற்படம் பற்றிய கவலைகளை விரைந்து கடந்துவிடலாம். 600க்கு 600 புள்ளி அளவு, வெளிறிய பின்னணி, மூக்குக்கண்ணாடி கூடாது, ஆறு மாதத்துக்குட்பட்ட படம் என்பன விதிகள். நம் பெண்களோ நெற்றிப் பொட்டை அழித்துவிட வேண்டுமா என்று கேட்டார்கள். முகம் முழுவதும் தெரிய வேண்டும் என்பதன்றிப் பொட்டைப் பற்றி விதி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பொட்டுக்கு அஞ்சியவர்களிற் சிலர், சென்ற ஆண்டு அனுப்பிய படத்தையே மீண்டும் அனுப்ப அஞ்சவில்லை. தள்ளுபடிக்கு உரிய குற்றம் உண்மையில் அதுவே.

நல்ல நேரம் பார்த்தவர்களையும் சொல்ல வேண்டும். இராகு காலம் கழித்துப் பொத்தானை அழுத்தச் சொன்ன தாய்மார் பலர். விண்ணப்ப காலத்தின் எந் நாளில் அனுப்பினாலும் வாய்ப்பு ஒன்றே. ஒவ்வொரு விண்ணப்பமும் ஓர் இலக்கமாகிக் கணினியின் குலுக்கலில் விழும் என்பேன். ஆயினும், 2011ஆம் ஆண்டில் நேரமே வென்றுவிட்ட ஒரு விந்தை நிகழ்ந்தது. அவ்வாண்டு மே மாத முதலில் முடிவு வெளியாயிற்று. ஏறக்குறைய 22,000 பேர் தாம் தெரிவானதைக் கண்டு மகிழ்ந்தார்கள். சில நாட்களில் ஒரு பிழை தெரியவந்தது. கணினி நிரலின் கோளாற்றால், தெரிவானோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் விண்ணப்ப காலத்தின் முதல் இரண்டு நாட்களில் அனுப்பியவர்களாக இருந்தார்கள். தெரிவு தற்செயலாக நிகழ்தல் வேண்டும் என்பது சட்டம். ஆகவே, முடிவு முழுவதும் நீக்கப்பட்டு, யூலை மாதத்தில் மறுமுடிவு வெளியிடப்பட்டது. வழக்காடியவர்கள் வெல்லவில்லை. அந்த 22,000 பேரில் எவரும் தம் பத்திரத்தில் ஓர் எழுத்தையும் பிழையாக எழுதியதனால் அதனை இழக்கவில்லை. எல்லாவற்றையும் சரியாக எழுதியவரும் இழந்தார். கவனம் நம்முடையது, பயன் நம்முடையதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இதுகாறும் சொன்னவை பெரும்பாலும் அச்சம் பெரிதாகவும் பொருள் சிறிதாகவும் உள்ளவை. இதற்கு எதிரான ஒரு கட்டமும் அப் பத்திரத்தில் இருந்தது. அது மணநிலை பற்றியது.

என்னிடம் படித்த இளைஞர் ஒருவர் வந்தார். அவருக்கு விவாகப் பதிவு முடிந்து நான்கு மாதம். தாலிகட்டு தை மாதத்திற்கு நிச்சயிக்கப்பட்டிருந்தது. பெண் தன் பெற்றோர் வீட்டில் இருந்தாள்.

"சேர், எழுத்து மட்டுந்தான் முடிஞ்சது, தாலி இன்னும் கட்டேல்லை. அப்ப நான் முடிச்சவனோ, முடிக்காதவனோ?" என்றார்.

"தம்பி, ஊருக்கு நீர் மணமாகாதவர், சட்டத்துக்கு மணமானவர். பத்திரம் கேட்பது சட்டத்தை" என்றேன்.

அவருடைய மனத்தில் இன்னோர் ஐயமும் இருந்தது. ஒரு பெயருக்குப் பதிலாக இரண்டு பெயர் எழுதினால் வாய்ப்புக் குறைந்துவிடுமோ என்பது அது. குறையாது, விழுவது விண்ணப்பத்தின் இலக்கமேயன்றி ஆட்களின் எண்ணிக்கையன்று. தகுதியுள்ள கணவனும் மனைவியும் தனித்தனியே விண்ணப்பித்து ஒருவரை ஒருவர் குறிப்பிட்டால் வாய்ப்பு இரண்டாகும். மாறாக, மனைவியை மறைத்து எழுதித் தெரிவாகிவிட்டால், நேர்முகத்தில் விவாகப் பத்திரத்தின் திகதியே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும். இருபத்தொரு வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகள் அனைவரையும், உடன் வாராதவராயினும், குறிப்பிட வேண்டும் என்னும் விதியும் இத்தகையதே. எழுத்துப் பிழை மன்னிக்கப்படலாம். ஆளை விட்டுவிடும் பிழை மன்னிக்கப்படுவதில்லை. அவர் மனைவியின் பெயரை எழுதினார். சீட்டு விழவில்லை. தாலிகட்டு தை மாதத்தில் நன்றாகவே நடந்தது.

இன்னொரு மாணவி வந்ததை அவ்வளவு இலகுவாகச் சொல்ல இயலாது. 2009ஆம் ஆண்டு மே மாதத்தின் பின் அவருடைய கணவரைப் பற்றிய தகவல் எதுவும் இல்லை. மகளின் படிப்பை எண்ணியே அவர் விண்ணப்பிக்க விரும்பினார். பெயரும் பிறப்பும் சரியாகவே நிரம்பின. மணநிலைக் கட்டத்தில் வந்து நின்றோம். மணமாகாதவர், மணமானவர், மணவிலக்குப் பெற்றவர், துணையை இழந்தவர், சட்டப்படி பிரிந்து வாழ்பவர் என்று பத்திரம் வரிசையாகக் காட்டியது.

"சேர், விதவை எண்டு போட என்ர கை வராது. முடிச்சவள் எண்டு போட்டால் அவற்ற புதுப் படம் கேக்குது. நான் எங்க போய் எடுக்கிறது?" என்றார்.

மணமானவர் என்று எழுதுவோர் துணைவரின் நிழற்படத்தையும் இணைத்தல் வேண்டும். அதுவும் ஆறு மாதத்துக்குட்பட்டதாயிருத்தல் வேண்டும். அவர் கையில் இருந்தது 2008ஆம் ஆண்டுப் படம் ஒன்று. மரணச் சான்றிதழை அவர் ஏற்கவில்லை. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் சட்டமொன்று, காணாமற் போனோரின் குடும்பத்தார்க்கு, இறந்தார் என்று ஒப்புக்கொள்ளாமலே பெறத்தக்க ஒரு சான்றிதழை ஏற்படுத்தியது. அச் சான்றிதழுக்கு ஒத்த கட்டம் அப் பத்திரத்தில் இல்லை. "பிள்ளை, பொய் எழுத வேண்டாம்" என்பதற்கு மேல் நான் சொல்லத்தக்கது ஒன்றும் இருக்கவில்லை. அதை அவரும் கேட்டு வரவில்லை. அவர் விண்ணப்பிக்கவில்லை. படத்தைக் கடித உறையில் இட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்த பேருந்துக்கு நேரமாயிற்று என்று எழுந்து சென்றார்.

பத்திரத்தை வகுத்தவர்களை நான் குறை கூறவில்லை. கோடிக்கணக்கானோரை எண்ணுவதற்கு ஆக்கப்பட்ட கருவி அது. ஒருவரின் வாழ்க்கையை அறிவதற்கு ஆக்கப்பட்டதன்று. சிறு விவரங்களுக்காகக் கலங்குகிறவர்களை நகைப்பதும் தகாது. ஓர் எழுத்தைப் பற்றிக் கேட்பதாகச் சொல்லி வருகிறவர், பல வேளைகளில் இடம்பெயர்ந்த வீட்டையும், தொலைந்த பத்திரத்தையும், திரும்பி வாராத ஒருவரையும் பற்றியே கேட்கிறார். எழுத்தைப் பற்றிய விடை சொல்வது எளிது. மற்றதற்குப் பொறுமையோடு செவிகொடுக்க மட்டுமே நம்மால் முடியும்.

ஆசிரியர்களாகிய நாம் செய்யத்தக்கது ஒன்று உண்டு. ஒரு பிள்ளையின் பெயரை ஆங்கிலத்தில் எழுத நேரும்போது, நம் காதுக்கு இசைந்தபடி எழுதாமல், பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைப் பார்த்து எழுதுவோம். பாடசாலை இடாப்பில் ஐந்து வயதில் விழும் ஓர் எச், இருபத்தைந்து வயதில் ஒருவரின் உறக்கத்தைக் கெடுக்கிறது. விண்ணப்பம் நிரப்ப வருகிற மாணவர்க்கும் சொல்ல வேண்டியது அதிகமில்லை. உள்ளதை உள்ளவாறு எழுதுங்கள். உங்களைச் சேர்ந்தவர் எவரையும் விட்டுவிடாதீர்கள். ஒரு முறை சரிபார்த்து அனுப்பியபின், அன்றிரவு நன்றாக உறங்குங்கள்.